மீள்வாசிப்பு – கடிதம்

வணக்கம்.

இருபது ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். அண்மையில் என் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது ஒன்று தெரிந்தது. வாங்கியும் பிரிக்காத நூல்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. நான் கையில் எடுப்பதோ ஏற்கெனவே நான்கைந்து முறை வாசித்த அதே பத்துப் பன்னிரண்டு நூல்களைத்தான். நண்பர்கள் ஆண்டிறுதியில் ஐம்பது, நூறு என்று பட்டியல் போடும்போது எனக்குச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. இது வாசிப்பா, சோம்பலா? இன்னொன்று: கல்லூரிக் காலத்தில் என்னை உலுக்கிய நாவல் ஒன்றைச் சென்ற மாதம் மறுபடி எடுத்தேன். பாதியைத் தாண்ட இயலவில்லை. அன்று நான் ஏமாந்தேனா, இன்று எனக்குள் ஏதேனும் மரத்துவிட்டதா? பிடித்த நூல்களுக்குத் திரும்பாமல் அவற்றை நினைவிலேயே வைத்துக்கொள்வதுதான் நல்லதோ?

ர.

அன்புள்ள ர.,

பட்டியலை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஆண்டுக்கு இத்தனை நூல்கள் என்ற கணக்கு, வாசிப்பைப் பழக்கமாக்கிக்கொள்ள விரும்புபவருக்கு உதவக்கூடும். இருபது ஆண்டு வாசித்தவருக்கு அது தேவையில்லை. ஜெர்மானிய வரலாற்றாளர் ரோல்ஃப் எங்கெல்சிங், ஏறத்தாழ 1750 வரை எழுத்தறிந்தவர்கள் விவிலியம் போன்ற சில நூல்களையே வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள் என்றும், அச்சு நூல்கள் பெருகிய பிறகே ஒருமுறை வாசித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லும் வழக்கம் பரவியது என்றும் வாதிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இந்தக் கோடு இவ்வளவு நேராக இருந்திருக்க முடியாது என்று மறுத்தார்கள். அவர்கள் பக்கமே நான். இரண்டு வகை வாசிப்பும் ஒரே மனிதரிடம், ஒரே வாரத்தில்கூட, அருகருகே இருக்கின்றன.

நம் மரபில் மீள்வாசிப்புக்கான சான்று முன்பே இருக்கிறது. ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்ற 783ஆம் குறளை நட்பின் பெருமைக்காக எடுத்துக்காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் வள்ளுவர் விளக்க வந்தது நட்பை. அதற்கு அவர் உவமையாகக் கொண்டது நூலை. உவமை என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்த ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியென்றால், ஒரு நூல் கற்குந்தோறும் நயம் தரும் என்பதை அவர் யாருக்கும் நிறுவிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. நன்னூல் இன்னும் கறாரானது: பாடத்தை இரண்டாம் முறை கேட்டால்தான் பிழை நீங்கும், மூன்றாம் முறை கேட்டால்தான் முறையறிந்து பிறருக்குச் சொல்ல முடியும் என்கிறது. ஒருமுறை கேட்டது போதும் என்று அது ஒப்புக்கொள்வதில்லை.

முதல் வாசிப்பில் நாம் அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றத்தின் பிடியில் இருக்கிறோம். துப்பறியும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கொலையாளி யாரென்று தெரிந்தபின் அதை வாசிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த இரண்டாம் வாசிப்புதான் விருப்பமானது. ஆசிரியர் எந்த இடத்தில் உண்மையை நம் கண்முன்னே வைத்துவிட்டு, அடுத்த வரியிலேயே நம் கவனத்தை வேறு பக்கம் திருப்பினார் என்பதைப் பார்ப்பது, செப்படி வித்தைக்காரரின் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பதைப் போன்றது.

நினைவிலேயே வைத்துக்கொள்ளலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு மிகப் பிடித்த நாவல் ஒன்றில், வீட்டைவிட்டுப் போன மகன் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து, கொட்டும் மழையில் கதவைத் தட்டத் தயங்கி நிற்பான். அந்தக் காட்சியை எத்தனையோ பேரிடம் விவரித்திருக்கிறேன். ஓடு வழியே நீர் சொட்டும் ஓசையைக்கூடச் சொல்லியிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகள் கழித்து மறுபடி வாசித்தபோது அங்கே மழையே இல்லை. நல்ல வெயில். தயங்கி நின்றவன் மகனும் அல்ல; உள்ளே, தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்ற தந்தை. நான் இத்தனை காலம் நேசித்தது பாதிக்குமேல் நானே எழுதிய காட்சியை.

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃப்ரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதன் இயக்கத்தைக் காணலாம். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை வாசிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்தும், சிலரிடம் மாதங்கள் கழித்தும், நினைவிலிருந்து எழுதச் சொன்னார். வாசித்தவர்களுக்கு விளங்காத நுட்பங்கள் உதிர்ந்தன. அந்நியமானவை பழகியவையாக மாறின. கதையிலிருந்த ‘கனூ’ என்ற துடுப்புத்தோணி வெறும் படகாயிற்று. தங்களுக்குப் பொருள்படும் ஒரு கதையை அவர்கள் அறியாமலேயே கட்டிக்கொண்டிருந்தார்கள். நினைவிலேயே வைத்துக்கொண்டால் அந்த நூல் நாளடைவில் உங்களைப் போலவே ஆகிவிடும். புத்தகம் மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம் என்று எல்லோரும் சொல்வார்கள். நமக்குத் தெரியாமல் புத்தகத்தையும் மாற்றி வைத்திருக்கிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை. அந்தத் திரிபு கையும் களவுமாகப் பிடிபடும் கணமே மீள்வாசிப்பில் எனக்கு வாய்க்கும் பெரிய இன்பம். என்னுடைய மழையைவிட ஆசிரியரின் வெயில் எவ்வளவு கொடுமையானது!

நீங்கள் பாதியில் நிறுத்திய நாவலுக்கு வருகிறேன். அன்று நீங்கள் ஏமாறவில்லை. சில நூல்களின் விசை ஒரே ஒரு எண்ணத்தில் இருக்கிறது. அது வாசகரின் சிந்தனையில் முழுமையாகக் கலந்துவிட்ட பிறகு, நூலில் அதே எண்ணத்தைச் சந்திக்கையில், தெரிந்ததையே யாரோ உரத்துச் சொல்வதுபோல் சலிப்பு வருகிறது. நூல் தன் வேலையை முடித்துவிட்டது, அவ்வளவே. அல்லது, அந்தப் பழைய அதிர்வு எங்கே எங்கே என்று பக்கந்தோறும் தேடிக்கொண்டே வாசித்திருப்பீர்கள். அப்படித் தேடுபவர் கண்ணில் வேறெதுவும் படாது. ஒரு நூலும் நான்காம் வாசிப்பைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை; நான் அப்படி இழந்தவை அரை அலமாரி இருக்கும்.

சோம்பலும் இதில் உண்டு, மறுக்க மாட்டேன். களைத்த இரவுகளில் புதிய பெயர்களையும் புதிய ஊர்களையும் நினைவில் கொள்ளத் தெம்பில்லாமல், மனப்பாடமாகிவிட்ட அத்தியாயத்தைப் பிரித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதற்கு வாசிப்பு என்று பெயரிட வேண்டாம். தவறென்றும் சொல்ல வேண்டாம். உங்கள் அறுபது நூல்களில் ஒன்றை அவ்வப்போது இடையில் நுழைத்தால் போதும்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்லலாம். ஒவ்வொரு முறை முடிக்கும்போதும் பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் மாதமும் ஆண்டும் குறிப்பேன். வரிகளை அடிக்கோடிடுவதை விட்டுவிட்டேன். பழைய அடிக்கோடுகள் ‘இங்கே பார், இங்கே வியந்துபோ’ என்று அதட்டிக்கொண்டே கூட வருகின்றன. அதைத் தாங்க முடியாமல் ஒரு நூலுக்குக் கோடில்லாத இரண்டாம் பிரதி வாங்கியிருக்கிறேன். நீங்கள் பாதியில் விட்ட நாவலை இப்போதைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஓராண்டு போகட்டும், முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், நீங்கள் நிறுத்திய பக்கத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். எனக்குப் பிடித்த அந்த நாவலின் பின்னட்டையில் நான்கு தேதிகள் இருக்கின்றன. வெயில்தான் என்று நன்றாகத் தெரிந்தும், அந்தப் பக்கம் நெருங்கும்போது எனக்கு இன்னமும் ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசை கேட்கிறது.