ஐந்து மாத ஆண் கினிப்பன்றிகள் இரண்டும் துரத்திக்கொள்கின்றன, உறுமுகின்றன. பிரித்து வைக்க வேண்டுமா?

கூடப் பிறந்த இரண்டு ஆண்கள், நாலடிக்கு இரண்டடி கூண்டு. இதுவரை ஒட்டிக்கொண்டு கிடந்தவை பத்து நாளாக உறுமுகின்றன, துரத்துகின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, ஆனால் ரத்தக் காயம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பல ஜோடிகள் கெட்டது அவசரமாகப் பிரித்ததால்தான். இன்று தனித்தனியாக வைத்து நாளை சேர்த்தால், யார் பெரியவன் என்ற பஞ்சாயத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இது விடலைப் பருவம். மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி ஒரு வயது தாண்டும் வரை ஹார்மோன் ஆட்டிவைக்கும். அண்ணன் தம்பி என்பதற்காக அதில் சலுகை கிடையாது.

அடித்தொண்டையில் ‘புர்ர்ர்’ என்று உறுமிக்கொண்டே, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, கால் மாற்றிக் கால் மாற்றி மெதுவாக மற்றதைச் சுற்றி வருகிறதா? அது சண்டியர்த்தனம், சண்டை இல்லை. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து நடப்பது தன் வாசனையைப் பூசி இடம் பிடிப்பது. மேலே ஏறுவதும் பெரும்பாலும் அதிகாரம் காட்டத்தான். துரத்தப்படுவது ‘கீ கீ’ என்று வீட்டையே கூட்டினாலும் கடிபட்டுவிட்டதென்று ஓட வேண்டாம். ‘சரி, நீதான் பெரியவன், விடு’ என்பதற்கும் அதே கத்தல்தான்.

கவனிக்க வேண்டியது மூக்குப் போட்டி. இரண்டும் நேருக்கு நேர் நின்று முகவாயை உயர்த்திக்கொண்டே போகும். சில நொடிகளில் ஒன்று தலையைத் தாழ்த்தினாலோ முகத்தைத் திருப்பினாலோ விவகாரம் முடிந்தது. இரண்டுமே தாழ்த்தாமல், பிடரி மயிர் சிலிர்த்து, பற்கள் விடாமல் கடகடக்க, வாயைப் பிளந்து முன்பற்களைக் காட்டினால் அடுத்தது பாய்ச்சல்தான். பல் கடகடப்பு மட்டும் என்றால் அது எச்சரிக்கையோடு நின்றுவிடலாம். எல்லாம் ஒன்றாக வரும்போதுதான் ஆபத்து. அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி காய்ந்த புல்லைப் போடுங்கள், அல்லது ஓர் அட்டையை இறக்குங்கள். பார்வை மறைந்தாலே பாதி வேகம் குறையும்.

ஒன்றையொன்று கவ்விப் பந்தாக உருண்டால் அதுதான் உண்மையான சண்டை. நடுவே கையை நுழைக்காதீர்கள், ஆழமாகக் கடிபடும். தடித்த துண்டைப் போர்த்தி, குப்பை அள்ளும் முறத்தை இடையில் செருகிப் பிரியுங்கள். பிறகு ரோமத்தை விலக்கி உதடு, காது, பின்பக்கம் எல்லாம் பாருங்கள். கடிக்காயம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். சலைனில் கழுவிவிட்டாலும் அடுத்த நாட்களில் கட்டி தட்டுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் அமாக்சிசிலினைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் கினிப்பன்றியின் குடல் நுண்ணுயிர்கள் நாசமாகி உயிரே போகலாம். கால்நடை மருத்துவரிடமும் இதை நினைவூட்டுவதில் தப்பில்லை.

சண்டையே போடாமல் ஒன்று மற்றதை ஒடுக்குவதும் உண்டு, அது கண்ணில் படாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை இரண்டையும் எடை போடுங்கள். ஐந்து மாதத்தில் எடை ஏறிக்கொண்டிருக்க வேண்டிய வயது. ஒன்று ஏறி மற்றது அப்படியே நின்றாலோ, 50 கிராம் குறைந்தாலோ, அதைத் தின்ன விடுவதில்லை என்று சந்தேகப்படலாம். மூலையிலேயே ஒடுங்கிக் கிடக்கிறதா, தண்ணீர் புட்டிப் பக்கம் போனாலே விரட்டப்படுகிறதா என்றும் பாருங்கள். அரை நாள் எதுவும் தின்னவில்லை என்றால் ஜோடிப் பிரச்சினை அப்புறம், முதலில் மருத்துவர்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கூண்டின் மேல்தான் சந்தேகம். இரண்டு ஆண்களுக்கு நாலடி நெருக்கடி. ஆறடிக்கு இரண்டடி தளம் கொடுங்கள். மாடி வைப்பது அதற்கு ஈடாகாது, ஓடி விலகத் தரைதான் வேண்டும். எல்லாம் இரண்டிரண்டாக, எதிரெதிர் முனைகளில் இருக்கட்டும்: தண்ணீர் புட்டி, புல் குவியல், ஒளிவிடம், வெயில் காலத்தில் படுக்கக் குளிர்ந்த டைல்ஸ் உட்பட. ஒரே வாசல் உள்ள வீடு வேண்டவே வேண்டாம், உள்ளே மாட்டிக்கொண்டது கடித்துத்தான் வெளியே வரும். அட்டைப்பெட்டியில் இன்னொரு ஓட்டை போட்டால் போதும். கொய்யா, குடைமிளகாய் போன்றவற்றைக் கிண்ணத்தில் வைக்காமல் தூவிவிடுங்கள். வைட்டமின் சி குறைந்தால் மூட்டு வலித்து எரிச்சல் கூடும், அதனால் இவற்றை நிறுத்த வேண்டாம். கூண்டு முழுவதையும் ஒரே நாளில் கழுவினால் வாசனை போய் மறுபடி எல்லைப் போர் தொடங்கும். கொஞ்சம் பழைய விரிப்பை விட்டுவையுங்கள்.

பெண் கினிப்பன்றி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மூன்றாவது ஆணும் வேண்டாம். அறுவை செய்து விதை நீக்கினால் (காயடித்தால்) சாதுவாகிவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். ஆண்களுக்கிடையே உள்ள சண்டை அதனால் நிற்கும் என்று உறுதி இல்லை.

வளர்ந்த விதத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஜெர்மன் ஆய்வாளர் நோர்பர்ட் சாக்ஸரின் ஆய்வுகளில், பெருங்கூட்டத்தில் மூத்த ஆண்களிடம் அடங்கி வளர்ந்தவை புதிய கூட்டத்தில் சண்டையின்றிச் சேர்ந்துகொண்டன; தனியாக வளர்ந்தவைதான் மோதின, அவற்றின் மன அழுத்த ஹார்மோனும் எகிறியது. கடையில் சிறு குட்டியாக வாங்கியவற்றுக்கு இந்தப் பாடம் கிடைத்திருக்காது.

இடம் கொடுத்த பிறகும் ரத்தக் காயம் ஏற்பட்டால் நிரந்தரமாகப் பிரிக்கலாம். அப்போதும் ஒரே கூண்டின் நடுவே கம்பித் தடுப்பு போட்டு, பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் முடிகிறபடி வையுங்கள். தனிமை அவற்றுக்கு ஆகாது; சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் துணையில்லாமல் வளர்ப்பதற்கு 2008 முதலே சட்டத்தில் இடமில்லை. இன்னொரு வழி, ஒன்றுக்கு விதை நீக்கிப் பெண்ணோடு சேர்ப்பது. ஆனால் அறுவைக்குப் பின் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அதுவரை கருத்தரிக்க வைக்கும் திறன் மிச்சமிருக்கும்.