செந்நாய் ஏன் கழுத்தைப் பிடிப்பதில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஐந்தாறு செந்நாய்கள் ஒரு புள்ளிமானை வளைத்து, அது நின்றுகொண்டிருக்கும்போதே வயிற்றைக் கிழித்துத் தின்கின்றன. ஐந்தாவது படிக்கும் என் மகன் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “புலின்னா கழுத்தைப் பிடிச்சுக் கொன்னுட்டுத்தானே சாப்பிடும், இது ஏன் இப்படிப் பண்ணுது?” என்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காட்டிலேயே ஈவிரக்கமற்றது செந்நாய்தான் என்கிறார்களே, அது சரியா? புலியையே விரட்டிவிடும் என்பதும் உண்மையா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

உங்கள் மகன் சரியான இடத்தைப் பிடித்துவிட்டான். கழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. புலி தன் எடையால் மானை அழுத்தி, நகங்களால் கவ்வி, மூச்சு நிற்கும்வரை தொண்டையை விடாமல் பிடித்திருக்கும். செந்நாய் 15 கிலோ சொச்சம். வளர்ந்த ஆண் புள்ளிமான் அதைப்போல நாலைந்து மடங்கு கனம். கடமான் அதைவிடப் பெரியது. நாய்க் குடும்பத்துக்கு நகத்தால் இறுகப் பற்றும் வித்தை கிடையாது. கழுத்தில் ஒன்று மட்டும் தொங்கினால் மான் உதறிவிட்டுப் போய்விடும். அதனால் ஒன்று மூக்கைக் கவ்வும், மற்றவை விலாவிலும் பின்தொடையிலும் பாயும். மானை நீருக்குள் விரட்டிச் சூழ்ந்துகொள்வதும் உண்டு. மான் விழுவது ரத்தம் போய்த்தான். பார்க்கச் சகிக்காது, ஒப்புக்கொள்கிறேன். சின்ன உடம்போடு பெரிய இரையை வீழ்த்த அதற்குத் தெரிந்த வழி இது.

ஆனால் உயிர் போகும்வரைகூடப் பொறுக்காத அந்த அவசரம் எதற்கு? அடித்த இரை தன்னிடமே இருக்கும் என்று செந்நாய் நம்ப முடியாது. புலி வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். மனிதன் வந்தாலும் அப்படியே. காட்டோர மக்கள் செந்நாய்களை விரட்டிவிட்டு இறைச்சியை எடுத்துக்கொள்வது தென்னிந்தியக் காடுகளில் பதிவாகியிருக்கிறது. இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. நற்றிணை 43-ஆம் பாட்டில், பசித்த செந்நாய் மரைமானைக் கொன்று தின்று மிச்சம் வைத்த இறைச்சி, பாலை வழியே தூரதேசம் போகிறவர்களுக்கு உணவாகிறது. எயினந்தையார் பாடியது. செந்நாயின் பந்தியில் நாம் ரொம்ப காலமாகவே அழையா விருந்தாளிகள்!

பல்லே இந்த அவசரத்துக்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது. கீழ்த்தாடையில் ஓநாய்க்கும் நரிக்கும் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப் பற்கள், செந்நாய்க்கு இரண்டே. அரைப்பது குறைவு, அறுப்பது அதிகம். தின்னும்போது தங்களுக்குள் பெரிதாகச் சண்டை போட்டுக்கொள்வதில்லை. யார் வேகமாக விழுங்குகிறார்கள் என்பதுதான் போட்டி.

உங்களுக்கு வந்த வீடியோ அநேகமாக அந்த இடத்தோடு முடிந்திருக்கும். எனக்கு அதற்குப் பிறகு நடப்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. குட்டி போடும் காலமென்றால், வயிறு நிறைந்த செந்நாய்கள் நேராகக் குகைக்குத் திரும்பும். குட்டிகள் ஓடிவந்து வாயை முட்டும். உடனே பெரியவை விழுங்கிய இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். குட்டிகளோடு தங்கிவிட்ட தாய்க்கும் அதில் பங்கு உண்டு. கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு பெண்தான் ஈனும். ஆனால் ஊட்டுவது எல்லோரும். அண்ணன், அக்கா, சித்தி, மாமன் என்று சொல்லலாம். மற்றவை வேட்டைக்குப் போகும்போது ஒன்றிரண்டு காவலுக்கு நின்றுவிடுவதும் உண்டு.

குட்டிகள் வளர்ந்து வேட்டைக்குக் கூடவே வரத் தொடங்கியபின் நடப்பது இன்னும் விசேஷம். இரை விழுந்ததும் பெரியவை ஒதுங்கி நிற்க, குட்டிகள் முதலில் தின்னும். இத்தனை அவசரக்காரர்கள், தங்கள் பங்கு பறிபோகும் ஆபத்து இருந்தும், காத்திருக்கிறார்கள். சிங்கக் கூட்டத்தில் குட்டிகளின் முறை கடைசியாகத்தான் வரும். ராஜா பட்டம் மட்டும் சிங்கத்துக்கு.

இதையெல்லாம் முதன்முதலில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்து எழுதியவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர். நாங்குநேரியில் பிறந்து, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஏ.ஜே.டி. ஜான்சிங். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்தார். அதற்கு முன் செந்நாயைப் பற்றி நிலவியது வேட்டைக்காரர்களின் அபிப்பிராயம்தான். தாங்கள் சுட வேண்டிய மானை இது தின்றுவிடுகிறது என்பது அவர்கள் கோபம். அதனால் வெள்ளைக்காரர் காலத்தில் செந்நாயைக் கொன்றவருக்கு வெகுமதி கொடுத்தார்கள். ‘ஈவிரக்கமற்றது’ என்ற பெயர் நிலைத்தது அந்தக் கணக்கில்தான் என்பது என் எண்ணம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே அது பாதுகாக்கப்பட்ட விலங்காயிற்று. ஜான்சிங் 2024 ஜூனில் காலமானார்.

இன்று உலகில் இனப்பெருக்கம் செய்யக்கூடிய செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. இரை குறைவதோடு, ஊர்நாய்களிடமிருந்து தொற்றும் வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் அவற்றுக்கு எமன்.

புலி விஷயம்: பெரிய கூட்டமாக இருந்தால் செந்நாய்கள் புலியிடம் வம்புக்கு நிற்கும், சிறுத்தையை மரத்தில் ஏற்றிவிடும். மற்றபடி புலிதான் செந்நாயைக் கொல்கிறது. கதைகளில் அது தலைகீழாகிவிடும்.

மகனை ஒருமுறை முதுமலைக்குக் கூட்டிப்போங்கள். தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டி போகும். செந்நாய் பகலில் வேட்டையாடுவது, அதனால் காலைச் சவாரியில் கண்ணில் படவும் வாய்ப்புண்டு. குரைக்காது, புதருக்குள் பிரிந்துபோனவை ஒன்றையொன்று விசிலடித்துக் கூப்பிடும், அதைக் கேட்கச் சொல்லுங்கள். மசினகுடி சாலையோரம் இரையோடு பார்த்தீர்களானால், காரை நிறுத்தி இறங்க வேண்டாம். மனிதர் இறங்கினாலே தின்பதை விட்டுவிட்டுப் போய்விடும்.

அன்புடன்.