மணிக்கூண்டுக் கல்லில் இல்லாத கணக்கு

வணக்கம் அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் கம்மவான்பேட்டை. சுற்றுவட்டாரத்தில் ராணுவப்பேட்டை என்றால்தான் தெரியும். அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நானும் இரண்டு முறை ஆள்சேர்ப்புக்குப் போனேன். ஓட்டத்தில் தேறி, கண் பார்வையில் நின்றுபோனேன். இப்போது வேலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை.

போன வருஷம் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 'வின்லாண்ட் சாகா' என்ற மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. 2025 ஜூலையில்தான் முடிந்தது. என் நண்பர்களுக்கு அதன் முதல் பகுதி மட்டும் பிடிக்கும். "சண்டைக் கதையைத் தூக்கிப் போட்டுட்டு விவசாயப் பாடம் நடத்துறான்" என்று கிண்டல் செய்கிறார்கள். எனக்கோ அந்தப் பண்ணைப் பகுதிதான் உயிர். ஆனால் முடிவு உறுத்துகிறது. வாளே இல்லாத ஒரு ஊரைக் கட்டப் போகிறவன் கடைசியில் அதை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. அகிம்சை தோற்றுப்போனது என்றுதான் ஆசிரியர் சொல்கிறாரா?

இன்னொன்று. ஒரு நாள் ராத்திரி அப்பா என் போனை வாங்கிப் பார்த்தார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் கயிறு கட்டி இழுக்கும் பக்கம் திறந்திருந்தது. "இப்டி இழுத்தா கட்ட வருமா? பக்க வேர அறுக்கணும்டா" என்றார். அப்புறம் அரை மணி நேரம் போனைத் திருப்பித் தரவே இல்லை.

அன்புடன்,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

நான் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியில் எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவன். மாங்கா என் மகள் வழியாக ஐம்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்தது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று தெரியாமல் முதல் புத்தகத்தில் செத்தவன் எழுந்து வந்து சண்டை போடுவதைப் பார்த்து முழித்தேன். மேல்விஷாரத்து நண்பர் ஒருவரிடம் அதைக் கொடுத்தபோது அவர் சரியான பக்கத்திலிருந்து திறந்து சாதாரணமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். உருது படித்தவருக்கு அதில் என்ன கஷ்டம்!

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம். ஐஸ்லாந்துச் சிறுவன் தோர்ஃபின்னின் அப்பா தோர்ஸ், போரை விட்டு ஓடிவந்து ஒளிந்து வாழும் பெரிய வீரர். அவரைச் சூழ்ச்சியால் கொன்ற அஸ்கெலாட்டைப் பழிவாங்க, அவனுடைய கொள்ளைக் கூட்டத்திலேயே சேர்ந்து வளர்கிறான் பையன். பழிவாங்கும் வாய்ப்பும் கைநழுவிப் போகிறது. டென்மார்க்கில் கெட்டில் என்பவரின் பண்ணைக்கு அடிமையாக விற்கப்படுகிறான். பிற்பாடு, வாளில்லாத ஊர் ஒன்றைக் கட்ட வின்லாண்டுக்கு, அதாவது வட அமெரிக்கக் கரைக்கு, கடல் கடந்து போகிறான். (ஏறக்குறைய அதே காலத்தில்தான் நம் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை எழுப்பியது. ஒரே காலம், இரண்டு உலகம்.)

மகோடோ யுகிமுரா இதை 2005-ல் ஒரு வார இதழில் தொடங்கி, அந்த ஓட்டம் தாங்காமல் அதே ஆண்டு மாத இதழுக்கு மாறினார். முடிக்க இருபது ஆண்டு ஆகியிருக்கிறது. உங்கள் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள். இதைத் தொடர்ப்படமாக எடுத்த அனிமேயின் முதல் பருவம் இருபத்து நான்கு பகுதி. அவர்கள் சிலாகிக்கிற சண்டையெல்லாம் அதில் வருவதுதான். அதன் கடைசிப் பகுதிக்கு வைத்திருக்கும் தலைப்பே 'முன்கதை முடிந்தது' என்ற பொருளில்தான் இருக்கிறது. கதை தொடங்குவதே பண்ணையில்தான். திண்ணையோடு திரும்பிப் போனவன் வீடு சரியில்லை என்று சொல்லக் கூடாது.

அந்தப் பண்ணையில் நடப்பது என்ன? தோர்ஃபின்னும் இன்னொரு அடிமையான ஐனாரும் காட்டை வெட்டி நிலமாக்கிக் கோதுமை விளைவித்தால், அந்த வருமானத்தில் தங்களை மீட்டுக்கொள்ளலாம். மரத்தை வெட்டுவது சுலபம், கட்டையைப் பெயர்ப்பதுதான் பாடு. குதிரை கிடைக்காது. ஸ்வெர்கெல் என்ற கிழவர், தன் நிலத்தில் வேலை செய்தால் தருகிறேன் என்கிறார். முளைத்த பயிரைப் பொறாமைக்காரர்கள் நாசம் செய்துவிட்டுப் போகிறார்கள். ஒரு ஏக்கர் வேலிகாத்தானைக் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒழித்துக் கட்டியவர்களுக்கு இது சண்டைக் காட்சியை விடப் பரபரப்பாக இருக்கும். எனக்கு இருந்தது.

ஆனால் இதை நீங்கள் அகிம்சைக் கதை என்று எடுத்துக்கொள்வதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. லாங் பஜார் பக்கம் போனால் மணிக்கூண்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1914-18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஒரு கல் பதித்திருக்கிறது. (வேலூரை அதில் கிராமம் என்று எழுதியிருப்பார்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.) போனவர்களுக்கும் திரும்பாதவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. அந்த 277 பேர் கையால் செத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே இல்லை, எந்த ஊர்க் கல்லிலும் இருக்காது. செங்கம் பக்கத்து நடுகற்களிலும் அப்படித்தான். மாட்டை மீட்கப் போய் விழுந்தவன் பெயர் இருக்கும். அவன் குத்திச் சாய்த்தவனுக்குக் கல்லில் ஏது இடம்?

யுகிமுரா எழுதியது அந்த விடுபட்ட கணக்கை. பண்ணையில் தோர்ஃபின் தினமும் ராத்திரி அலறிக்கொண்டு எழுகிறான், கனவு மட்டும் நினைவில் நிற்பதில்லை. ஒரு நாள் அதற்குள் முழுசாக விழுகிறான். அவன் கொன்றவர்கள் எல்லோரும் அவன் காலைப் பிடித்துத் தொங்குகிறார்கள். அவர்களையும் சுமந்துகொண்டே மேலே ஏறு என்கிறான் செத்துப்போன அஸ்கெலாட். அப்புறம் ஹில்ட் வருகிறாள். அவள் அப்பாவைக் கொன்றவன் தோர்ஃபின். அவள் மன்னிப்பதில்லை. தவறினால் கொல்வேன் என்று சொல்லிவிட்டு, வில்லோடு அவன் கூடவே பயணம் வருகிறாள். "எனக்கு எதிரிகள் இல்லை" என்று தோர்ஃபின் சொல்லும் வரியை மட்டும் பிய்த்து ரீல்ஸ் போடுகிறவர்கள் ஹில்டைப் போடுவதில்லை. அவள் இல்லாவிட்டால் அந்த வரி வெறும் காலண்டர் வாசகம்.

எங்கள் பெரியப்பா 71-ல் எல்லையில் இருந்தவர். திரும்பி வந்து அணைக்கட்டுப் பக்கம் முள்ளுக் கத்தரி போட்டார். இலவம்பாடி விதைதான். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு வந்ததைப் பார்க்க அவர் இல்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தோட்டத்தில் இருப்பார். ஏழெட்டு வயதில் நான் அவரிடம், "எத்தனை பேரைச் சுட்டீங்க பெரியப்பா?" என்று கேட்டேன். பசங்க எல்லோரும் கேட்பதுதான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போய் அந்தப் பாத்திக்குத் தண்ணி கட்டு" என்றார். நானும் போய்க் கட்டினேன். அவரிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

முடிவைப் பற்றிச் சொல்கிறேன். தோர்ஃபின் கார்ல்செஃப்னி கற்பனை ஆள் இல்லை. சாகாக்கள் என்கிற ஐஸ்லாந்தின் பழைய கதைகளில் இருக்கிறார். மனைவி குட்ரித்தோடு வின்லாண்டில் குடியேறினார், அங்கே அவர்களுக்கு ஸ்னோரி என்ற பிள்ளை பிறந்தான், தம் ஆட்கள் அந்த மண்ணின் மக்களுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று தடுத்தார், மோதல் வந்து திரும்பினார். ஆகவே முடிவு 2005-லேயே தெரிந்த ஒன்று. தேர் எந்தத் தெருவில் நிற்கும் என்று தெரிந்துதான் வடம் பிடித்திருக்கிறார்.

நடுவில் வரும் பால்டிக் போர்ப் பகுதி எனக்கு இழுவை. மறைக்கவில்லை. ஆனால் கடைசிப் பகுதியில் ஆசிரியர் தன் நாயகனுக்குச் சலுகை காட்டவில்லை. ஒருவன் ஒளித்துக் கொண்டுவந்த வாளால்தான் எல்லாம் கெட்டது என்று நிறுத்தியிருக்கலாம். அவர் அதற்கும் கீழே தோண்டுகிறார். அது காலி நிலம் இல்லை, அங்கே லுனு மக்கள் இருக்கிறார்கள். தோர்ஃபின் வாளைத்தான் விட்டுவிட்டுப் போனான், கோடாரியைக் கையோடு கொண்டுபோனான். கோதுமைக்கு வயல் வேண்டும், வயலுக்குக் காடு போக வேண்டும். கெட்டிலின் பண்ணையில் அவனை மனிதனாக்கிய அதே வேலை, இங்கே இன்னொருவர் வீட்டுக் கூரையைப் பிரிப்பதாக ஆகிறது. அகிம்சை தோற்றதா என்று கேட்கிறீர்கள். நான் அதை அப்படிப் படிக்கவில்லை. நல்லவனாகத் திருந்தி வந்தவனும் யாருக்கோ அழையாத விருந்தாளிதான் என்று படித்தேன். அது எனக்கும் உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வைக்கிங்குகள், அதாவது தோர்ஃபின் காலத்து வட ஐரோப்பியக் கடலோடிகள், தங்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 2021-ல் அங்கே கிடைத்த மரத்துண்டுகளுக்கு ஆண்டு கணித்தார்கள். கி.பி. 993-ல் ஒரு சூரியப் புயலின் தடம் உலகம் முழுக்க மரங்களின் வளையத்தில் பதிந்திருக்கிறது. அந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணினார்கள், இருபத்தெட்டு. ஆகவே இரும்பால் அந்த மரத்தை வெட்டிய ஆண்டு 1021. அவர்கள் வந்து போன ஆண்டைச் சொல்ல, வெட்டுப்பட்ட அந்தக் கட்டைகள்தான் இருந்தன.

அப்பா சொன்னது சரி, பக்க வேரை அறுக்காமல் கட்டை வராது. ஸ்வெர்கெல் கிழவரின் குதிரை வந்த பிறகு வரும் பக்கங்களையும் அவரிடம் காட்டுங்கள். என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள்.