4×5 அங்குல ஷீட் பிலிம் (ஒரு படத்துக்கு ஒரு தாளாக வரும் பிலிம்) நெகட்டிவில் கருப்புக் கீற்றும் வெள்ளைப் புள்ளிகளும் வருகின்றன. கோளாறு கேமராவிலா, கழுவுவதிலா?

குளியலறையை இருட்டாக்கி, தட்டில் வைத்துக் கழுவுகிறீர்கள். நாலு நெகட்டிவில் ஒன்றாவது கறையோடு வருகிறது என்கிறீர்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் இதே பாட்டை நானும் பட்டிருக்கிறேன்.

முதலில், டெவலப்பரை (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தை) மாற்றாதீர்கள். நான் மாற்றினேன், காசுதான் கரைந்தது. நெகட்டிவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, கறை கருப்பா வெளுப்பா என்று பாருங்கள். கருப்பு என்றால் பெரும்பாலும் அங்கே வேண்டாத வெளிச்சம் பட்டிருக்கும். வெளுப்பு என்றால் வெளிச்சத்தையோ டெவலப்பரையோ ஏதோ மறித்திருக்கிறது.

கருப்புக்கு ஓரம்தான் சாட்சி. பிலிமின் விளிம்பு ஹோல்டரின் (பிலிமைப் போட்டுக் கேமராவில் செருகும் சட்டத்தின்) காடிக்குள் இருப்பதால், படத்தைச் சுற்றி வேட்டிக் கரை மாதிரி ஒரு மெல்லிய பட்டை வெளிச்சம் படாமல் தெளிவாக இருக்கும். கருமை அந்தக் கரையையும் தாண்டி விளிம்பு வரை ஓடியிருந்தால், பிலிம் ஹோல்டருக்கு வெளியே இருந்தபோது பட்ட வெளிச்சம் அது. பிலிம் பெட்டி, கதவிடுக்கு, சட்டைப் பையில் மறந்த போன் என்று தேடுங்கள். கரையோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் ஹோல்டரோ கேமராவோதான்.

எனக்குக் கரையோடு நின்றது. கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தைக் காலையில் எடுத்த படங்களில் மட்டும், ஒரு முனையிலிருந்து விசிறி போல் ஒரு கீற்று. அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. ஹோல்டர்களில் அடையாளம் வைக்காததால், எது எதில் எடுத்தது என்று தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு ஹோல்டரின் கீழ் மடிப்பிலும், பிலிம் ஓரத்தை மூடும் பகுதியில், சின்ன அரத்தால் ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று வெட்டு என்று போட்டேன். அந்த வெட்டு நெகட்டிவின் ஓரத்தில் கருப்புப் பல்லாக விழும். அடுத்த சுற்றில் ஆள் சிக்கியது: மூன்று பல் ஹோல்டர். டார்க் ஸ்லைடு (ஹோல்டரில் பிலிமை மூடியிருக்கும் தகடு) நுழையும் வாயில் வெளிச்சத்தைத் தடுக்கும் வெல்வெட் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அங்கே காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்கிறோம். வெயில் நேராக ஹோல்டரின் முதுகில் அடிக்கும். நானோ ஸ்லைடை உருவிவிட்டு, நடைப்பயிற்சிக்காரர்கள் விலகட்டும் என்று காத்துக்கொண்டிருப்பேன். இப்போது ஸ்லைடைக் கோணாமல் நேராக உருவுகிறேன், ஹோல்டர் மேல் கருப்புத் துணியைப் போர்த்திவிடுகிறேன்.

உங்கள் ஹோல்டர்களைச் சோதிக்க பிலிமை வீணடிக்க வேண்டாம். கருப்பு வெள்ளை பிரின்ட் பேப்பரை அளவாக வெட்டிப் போட்டு, ஸ்லைடை மூடியபடியே மொட்டை மாடி வெயிலில் ஐந்து நிமிடம் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டுங்கள். சிவப்பு விளக்கில் கழுவினால் கசிகிற இடம் கறுத்து நிற்கும். பெல்லோஸ் (கேமராவின் மடிப்புத் துருத்தி) ஓட்டைக்கு, கரண்ட் போன இரவில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த வசதி நமக்கு அவ்வப்போது இலவசமாகவே கிடைக்கிறது.

வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். கோணல்மாணலாக, மயிரிழை போல, கூர்மையான விளிம்போடு இருந்தால் படம் எடுக்கும்போதே பிலிம் மேல் உட்கார்ந்திருந்த தூசி. பிலிம் போடுமுன் ஹோல்டரைத் தட்டி, பிரஷ்ஷால் துடையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். அச்சடித்தாற்போல் வட்டமாக இருந்தால் டெவலப்பரில் ஒட்டிய காற்றுக்குமிழி. முதலில் இரண்டு நிமிடம் வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, டெவலப்பரில் போட்டதும் தட்டை லேசாகத் தட்டினால் போதும். ஃபிரிட்ஜில் வைத்த பிலிமை எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் உடனே வியர்க்கும், அந்த ஈரமும் தடம் விடும். நான் முதல் நாள் இரவே வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன்.

தண்ணீர் தனி வம்பு. மே மாதம் ஒரு நாள் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டால் 34 டிகிரி. அந்தச் சூட்டில் ஜெலட்டின் கொழகொழவென்றாகி, தட்டில் பிலிம் தாள்களை மாற்றி அடுக்கும்போது நகம் பட்டாலே கீறிவிடும். ஜிப் பையில் ஐஸ் கட்டி போட்டு மிதக்கவிட்டு 24-க்குள் இறக்குங்கள்; ஹைப்போ (டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கழுவும் தண்ணீர் எல்லாம் அதே சூட்டில் இருக்கட்டும். டெவலப்பருக்கு 20 டிகிரியில் சொன்ன நேரத்தைக் குறைக்க வேண்டும்தான். ஆனால் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாகும்; டெவலப்பரைக் கொஞ்சம் நீர்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த பிறகு பளபளப்பான முதுகுப் பக்கம் வெண்மையாகத் தெரிகிற வட்டங்கள் உப்புத் தண்ணீர் வேலை. மறுபடி ஊறவைத்துக் கழுவி, கடைசி அலசலை டிஸ்டில்ட் வாட்டரில் செய்து தொங்கவிட்டால் போய்விடும். நெகட்டிவ் முழுக்கப் பால் போல் மங்கலா? ஹைப்போ போதவில்லை. புது ஹைப்போவில் திரும்பப் போடுங்கள், விளக்கு எரிந்தாலும் பரவாயில்லை.

தூசிப் புள்ளி விழுந்த நல்ல நெகட்டிவைத் தூக்கிப் போடவேண்டாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது: “தம்பி, நெகட்டிவ்ல புள்ளிய மை தொட்ட பிரஷ்ஷால அடைச்சிடு. பிரின்ட்ல கருப்புக்குப் பதிலா வெள்ளையா விழும். வெள்ளைய மறைக்க யாருக்குத்தான் தெரியாது?” கலங்கரை விளக்கப் படத்தின் வானத்தில் அப்படி அடைத்தவை மட்டும் பதினொன்று.