அலாரம் அடித்தால் திருட்டா?

கேள்வி: பில் போட்டு வாங்கிய சட்டையோடு வெளியே வந்த என் 15 வயது மகளை, வாசல் அலாரம் அடித்ததும் திருடி என்று நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: அலாரம் திருட்டுக்குச் சாட்சி அல்ல. துணியில் இருக்கும் திருட்டுத் தடுப்பு டேக்கைச் செயலிழக்கச் செய்ய பில் போடுபவர் மறந்தாலே அலாரம் அடிக்கும். ரேடியோ வகை டேக் என்றால் 8.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வாசலில் நிற்கும் அலாரம் கம்பங்களுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கும். வேறு கடையில் வாங்கிய பையின் தையலுக்குள் கிடக்கும் டேக்கும் இப்படி மாட்டிவிடும்.

கேமரா பதிவுதான் முக்கியம். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும் என்பதால், தேதி, நேரம், எந்த வாசல் என்று குறிப்பிட்டு, அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றே எழுதிக் கொடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி இப்படி நடந்தால் ஓடக்கூடாது, "அம்மா வரட்டும்" என்று சொன்னால் போதும். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவே கூடாது. பயத்தில் செய்யாததையும் ஒப்புக்கொள்ளும் வயது அது.