பழைய ஃபியட் வாங்குவோருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இத்தாலிய வடிவமைப்பில் உருவான ஃபியட் 1100 அல்லது அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி ஒன்றை வாங்க நீண்ட நாள் ஆசை. இரண்டு வண்டிகள் விலைக்கு வந்துள்ளன. ஒன்று புதிதாகப் பெயின்ட் அடிக்கப்பட்டுப் பளபளக்கிறது. மற்றொன்று நிறம் மங்கியது, எஞ்சினும் சற்றுப் புகைகிறது. எதை வாங்கலாம், எவற்றைச் சோதிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: நிறம் மங்கிய வண்டியை முதலில் போய்ப் பாருங்கள். எஞ்சின் புகைவதைக் கண்டு தயங்க வேண்டாம். பழைய ஃபியட்டின் மதிப்பு அதன் உடலில்தான் இருக்கிறது.

தாந்தே ஜியாகோசாவின் தலைமையில் உருவாகி 1953-இல் வெளிவந்த ஃபியட் 1100-103, அதற்கு முந்தைய 1100 வண்டிகளைப்போலத் தனிச் சட்டத்தின் மீது உடலைப் பொருத்திய வண்டி அன்று. தரைத்தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கப் பெட்டி, தூண்கள், கூரை ஆகிய அனைத்தும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அந்த உடலே முழுச் சுமையையும் தாங்குகிறது. பிரீமியர் நிறுவனம் மும்பையில் உள்ள தன் குர்லா தொழிற்சாலையில் அறுபதுகளின் நடுவிலிருந்து தயாரித்த 1100டி, எழுபதுகளின் முற்பகுதியில் பிரசிடென்ட் என்றும் பிறகு பத்மினி என்றும் பெயர் மாறியபோதும் இந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே இவ்வகை வண்டியில் தரையும் பக்கப் பெட்டியும் துருப்பிடித்தால், அதைத் தோற்றக் குறையாக மட்டும் கருத முடியாது. வண்டியின் முதுகெலும்பே அரிக்கப்படுகிறது.

எஞ்சினின் நிலை வேறு. 1089 சிசி கொள்ளளவும் ஏறத்தாழ 40 குதிரைத்திறனும் கொண்ட அந்த நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்து, ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி), பிஸ்டனும் வால்வும் மாற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்த வண்டி என்பதால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடினால் பாகங்களும் அகப்படும். அரித்துப்போன உடலைச் சரியான அளவில் மீண்டும் அமைக்கக்கூடிய டிங்கரிங் (தகட்டு வேலை) கைகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அவ்வேலைக்கு ஆகும் செலவு வண்டியின் விலையையே மிஞ்சிவிடக்கூடும்.

பளபளக்கும் வண்டியைப் பார்க்கப் போகும்போது மெல்லிய துணி சுற்றிய ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். சக்கர வளைவுகள், கதவின் அடிப்பகுதி, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், பக்கப் பெட்டி ஆகிய இடங்களில் காந்தம் ஒட்டவில்லை என்றால், அங்கே தகட்டுக்குப் பதிலாகத் பள்ளத்தை நிரப்பப் பூசும் தடித்த பட்டிதான் (putty) இருக்கிறது. பின்பு உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். டிக்கியில் ஸ்டெப்னிச் சக்கரம் இருக்கும் இடத்தையும், பேட்டரி அமரும் தட்டையும், பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை வில்லின்) முன்முனை உடலோடு சேரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இறுதியாக, ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை உயர்த்திய நிலையில், ஆள் அடியில் போகாமல், அந்தப் பக்கக் கதவுகளைத் திறந்து மூடச் சொல்லுங்கள். திடமான உடலில் கதவுகள் வழக்கம்போல் மூடும். வலுவிழந்த உடல் சற்றே வளைவதால் கதவு தூணில் இடிக்கும். இந்த ஒரு சோதனை போதும் என்று சொல்லுமளவுக்கு இதன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

பத்மினிகளில் பல டாக்சியாக ஓடியவை. கதவுச் சட்டத்தின் உட்புறத்திலும் டிக்கி மூடியின் அடியிலும் கறுப்பு, மஞ்சள் நிறத்தின் மிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வாங்கக்கூடாது என்பதில்லை. சொந்த உபயோக வண்டிக்குரிய விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எஞ்சின் ஆறிய நிலையில் இருக்கும்போது நீங்களே முதல்முறை ஸ்டார்ட் செய்யுங்கள். இதன் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் வளைந்துவிடும் தன்மை உடையது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் நிறத்தில் பிசுபிசுப்பு படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். ஸ்டீயரிங் தண்டில் உள்ள கியர் எல்லா நிலைகளிலும் விழுகிறதா, முன் சக்கரம் திரும்புவதற்கு அச்சாக உள்ள கிங்பின்னில் ஆட்டம் உள்ளதா, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். இவை யாவும் சரிசெய்யக்கூடியவை. பேரம் பேச மட்டுமே பயன்படும்.

கேள்வி: நான் பார்த்துள்ள 1100டி 50 ஆண்டுகளைக் கடந்தது. ஆர்.சி. புத்தகம் காலமான ஒருவர் பெயரில் இருக்கிறது. இதை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்வது நல்லதா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமையை நேர்செய்யுங்கள். காலமானவரின் வாரிசுகள் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்து, 31-ஆம் படிவத்தின் வழியாக முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் 29, 30 ஆகிய படிவங்களால் உங்கள் பெயருக்கு மாற்றலாம். தேதியிடாத கையெழுத்துப் படிவங்களை நம்பி வண்டியை ஓட்டிவந்துவிட்டால், வாரிசுகளுள் ஒருவர் பின்னாளில் ஒப்புக்கொள்ளாதபோது வழியே இராது. வெளிமாநிலப் பதிவாயின் 28-ஆம் படிவத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

விண்டேஜ் பதிவைப் பொறுத்தவரை, 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் பெரிதும் மாற்றப்படாத வண்டிகள் தகுதி பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் எனக் கட்டணம் வகுக்கப்பட்டது. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு பேரூர் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று விரும்பினால், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்கும் வழக்கமான பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்புக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் பலமடங்கு உயர்ந்திருந்தாலும், ஓட்டும் உரிமை அதைவிடப் பெரிது. இவ்வண்டி ஓட்டுவதற்காகவே உருவாக்கப்பட்டது.

கேள்வி: பத்மினியில் புதிய காலத்துச் சிறிய கார் ஒன்றின் எஞ்சினைப் பொருத்தி, ஏசியும் வைத்துத் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. முன் அனுமதியும் ஆர்.சி. பதிவும் இல்லாமல் எஞ்சினை மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக் கோரிக்கையும் சிக்கலாகும். மேலும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் கொண்ட ஒரு பழைய வண்டியில் கூடுதல் வேகத்தைச் சேர்ப்பது, நிறுத்தும் திறனைக் கூட்டாமல் ஓடும் திறனை மட்டும் கூட்டுவதாகும். மூல எஞ்சினோடு ஏசியை இணைத்தால், 40 குதிரைத்திறனில் ஒரு பங்கைக் கம்ப்ரசர் விழுங்கிவிடும். மதுரை வெயிலில் நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டரும் தாங்காது. அந்தப் பணத்தில் ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து, பிரேக் சிலிண்டர்களையும் குழாய்களையும் புதிதாக்குங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஃபியட்டுக்குத் தீங்கு செய்யுமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கவனம் தேவை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்து அக்காலத்து ரப்பர்கள் செய்யப்படவில்லை. எரிபொருள் குழாய், பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் ரப்பர் சவ்வு) ஆகியவை ஊறி வெடிக்கும். பெட்ரோல் ஒழுகினால் வண்டி தீப்பற்றவும் கூடும் என்பதால், வண்டி வாங்கிய வாரத்திலேயே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை வாங்கி மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நெடுநாள் நிற்கும் வண்டியின் டேங்க்கில் துரு பிடித்து, அத்துகள்கள் கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளையை) அடைக்கும். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டுங்கள். அதிக நாட்கள் நிறுத்த வேண்டியிருந்தால் டேங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, பேட்டரி இணைப்பைக் கழற்றி வையுங்கள்.