ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டுமா?

கேள்வி: தேவகோட்டை பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 71. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். அண்மையில் இரண்டு முறை விழப் பார்த்தார். வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்து வேறு தரை போடலாமா? அம்மா நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அண்ணன்.

பதில்: இரண்டுமே வேண்டாம். அண்ணன் சொல்வது கல்லைவிட ஆபத்து. வலிக்குப் பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை இளைக்கும். தசை இளைத்த காலில் முழங்கால் திடீரென்று மடங்கும். மூட்டுவலிக்காரர்கள் பலர் விழுவது இப்படித்தான்.

அதனால் முதல் மருந்து நாற்காலி. சுவரோரம் நகராத உயரமான நாற்காலியைப் போட்டு, முடிந்தவரை கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஐந்து முறையில் தொடங்கிப் பத்துக்குக் கொண்டுபோகலாம், காலையும் மாலையும். லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சிகளை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லித் தருவதே நல்லது.

ஆத்தங்குடிக் கல் காய்ந்திருக்கும்வரை பெரிய பயமில்லை. பளபளப்புக்கு எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். மழைநாளில் வளவின் திறந்த முற்றத்தின் ஓரம் ஈரமாகும். அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடக்கட்டும். வார்ப்பட்டையில்லாத தளர்ந்த செருப்பும், தரையில் புரளும் சேலைத் தலைப்பும் கூடாது.

உங்கள் வீட்டின் உண்மையான சிக்கல் தூரம். பழைய வீடுகளில் கழிப்பறை பின்கட்டுக்கும் அப்பால் இருக்கும். இரவில் அரைத்தூக்கத்தில் இத்தனை நிலைப்படிகளைத் தாண்ட வேண்டுமா? தரைக்குச் செலவழிக்கும் பணத்தில் படுக்கும் அறையை ஒட்டி உயரமான மேற்கத்தியக் கழிப்பறை கட்டுங்கள். வழியெல்லாம் இரவு விளக்கு. பர்மா தேக்குக் கதவு நிலையில் துளை போட யாருக்கும் மனம் வராது. பக்கத்துச் சுவரில் கைப்பிடி வைக்கலாம். ஆனால் சுண்ணாம்புப் பூச்சை மட்டும் நம்பினால் கையோடு வந்துவிடும், செங்கல்வரை போகும் போல்ட் வேண்டும். துண்டு காயப்போடும் கம்பி கைப்பிடி ஆகாது.

படி ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது வலி மிகுந்த கால் முதலில். கைத்தடி, அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறாரா? படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கண்புரையும் எலும்பு அடர்த்தியும் இதே சுற்றில் பார்க்கப்படட்டும்.

தனியாக இருப்பவர் என்பதால் செல்போன் இடுப்புச் சுருக்குப்பையிலேயே இருக்கட்டும். விழுந்து, இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி என்றால் அக்கம்பக்கத்தார் தூக்கி நிறுத்தக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இதைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடமும் சொல்லி வையுங்கள்.